மாடியின் வெப்பத் தடுப்பு எப்போது மாற்ற வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "மாடியில் தட்டோடு போட்டிருக்கிறோம், அப்படியும் ராத்திரி உள்ளே படுக்க முடியவில்லை." தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 18 வருடமாக வீடுகளின் மேல்தளப் பழுதுவேலையை மேற்பார்வை பார்த்துவருகிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெப்பத் தடுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும், அந்தப் பெயரில் நாம் அதைக் கூப்பிடுவதில்லை. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் சுருக்கி, அதன் மேல் பதிக்கும் தட்டோடு, இரண்டும் சேர்ந்ததுதான் நம் ஊர் வீடுகளின் வெப்பத் தடுப்பு. மழைநீரை வாட்டம் (சரிவு) பார்த்து வெளியேற்றுவதும் அதே அடுக்குதான். புது வீடுகளில் கூல் டைல்ஸ், வெள்ளைக் கூல் பெயின்ட், தெர்மோகோல் வைத்த ஃபால்ஸ் சீலிங் பார்க்கிறோம். ஷீட் வீடுகளில் அடியில் ஒட்டிய வெள்ளித்தாள், பஞ்சு மாதிரிக் கண்ணாடி நாராலான கிளாஸ் வூல், இப்போது இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல். ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு.

கெட்டுப்போனதற்கு முதல் அடையாளம் என்ன?

ராத்திரிச் சூடு.

பகல் 2 மணிக்கு வீடு சூடாக இருந்தால் அது மே மாதம், எல்லோர் வீடும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்து 9 மணிக்கு, வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே அனல் இறங்குகிறதா என்று பாருங்கள். வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்துத்தான் அதைக் கீழே விடும். அதனால் தடுப்பு இல்லாத வீட்டில் உச்சச் சூடு சாயங்காலத்தில்தான் அறைக்குள் வரும். கட்டில் மேல் ஏறி நின்று உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் மேலே தடுப்பு வேலை செய்யவில்லை.

நம் தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. உள்கூரை அதைத் தாண்டிவிட்டால் அது அடுப்புச் சுவர் மாதிரி நம்மேல் அனலை வீசும். மின்விசிறியை வேகமாக வைத்தாலும் அந்த அனல் நிற்காது, காற்றுதான் சுற்றும். "ஃபேன் போட்டால் சுடுகாற்று வருது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. பகலில் வெயிலில் அலைந்த உடம்பு ராத்திரியாவது ஆற வேண்டும், ஆற விடாத வீடு உடம்பைக் கெடுக்கும்.

எங்கள் வீடு கட்டிய நாளிலிருந்தே சூடுதான். கெட்டுப்போனதா, ஆரம்பத்திலிருந்தே சரியில்லையா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. முதல் இரண்டு கோடை நன்றாக இருந்து அப்புறம் சூடேறியிருந்தால் கெட்டுப்போயிருக்கிறது. முதல் கோடையே தாங்கவில்லை என்றால் சுருக்கி மெலிசாகப் போட்டிருப்பார்கள், இல்லை போடவே இல்லை. கான்கிரீட் மேல் சிமென்ட் கலவை பூசி நேராக டைல்ஸ் பதித்த வீடுகளை நிறையப் பார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும், வெப்பத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சுருக்கி சராசரி 3 அங்குலமாவது இருக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய் ஓரத்தில் ஒரு தட்டோட்டை மட்டும் மெதுவாகப் பெயர்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த ஓரத்தில் கனம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், வாட்டத்துக்காக அப்படி இறக்குவார்கள். அதனால் நடு மாடியிலும் ஒரு இடம் பாருங்கள்.

மொட்டை மாடியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

காலை 7 மணிக்குள் ஏறுங்கள். கையில் ஒரு சின்ன மரக்கட்டை, ஒரு சாக்பீஸ், ஒரு குடம் தண்ணீர்.

கட்டையால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்பாக இருக்கும் ஓடு கணீரென்று சொல்லும். அடியில் விட்டுப்போன ஓடு பொத் பொத்தென்று சொல்லும். பொத்தென்றவற்றில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கங்கே நாலைந்து என்றால் அவற்றை மட்டும் எடுத்துப் பதித்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு குறியாகிவிட்டால் ஒட்டுப்போடும் காலம் முடிந்தது என்பது என் கணக்கு.

அப்புறம் ஓட்டு இடுக்குகள். கோடையில் ஓடு தொட முடியாதபடி கொதித்திருக்கும்போது மாலையில் திடீரென்று இடிமழை வரும், ஓசூர் பக்கம் என்றால் ஆலங்கட்டியும் சேர்ந்து விழும். அந்தச் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கித்தான் இடுக்குக் கலவை விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. இன்னொரு காரணமும் நம் ஊருக்கே உரியது: மாடியில் புளி தட்டுவது, ராகிக் கதிரை அடிப்பது. காயவைப்பதில் தவறே இல்லை, ஆனால் ஓட்டின் மேல் தடியால் அடிக்காதீர்கள். கீழே களத்திலோ கல்லின் மேலோ அடித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? அதைக் கிள்ளிப்போட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். நம் ஊர்க் கோடையில் ஒரு செடி அங்கே உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு எங்கிருந்தோ தண்ணீர் கிடைக்கிறது. சுருக்கிக்குள் ஈரம் நிற்கிறது என்று அது சொல்கிறது.

கடைசியாகக் குடத்துத் தண்ணீரை மாடியின் மேட்டுப் பக்கம் ஊற்றுங்கள். குழாய்க்குப் போகாமல் நடுவில் குளம் கட்டினால் அங்கே சுருக்கி அமுங்கியிருக்கிறது.

சூட்டைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்களே?

ஏனென்றால் வெப்பத் தடுப்பை வெயில் கெடுப்பதைவிடத் தண்ணீர் கெடுப்பதுதான் அதிகம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சுருக்கியோ, தெர்மோகோலோ, கிளாஸ் வூலோ, எதுவாக இருந்தாலும் வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். அந்தக் காற்றிருந்த பொடி ஓட்டைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் தடுப்பே பாலமாகிவிடுகிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கக்கூடியது. ஐப்பசி மழையில் குடித்த ஜல்லி, மேலே ஓடு மூடியிருப்பதால் பங்குனி வரைகூடக் காயாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஓடு காய்ந்து பளிச்சென்று இருக்கும். உள்ளே ஊறிக் கிடக்கும்.

என் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. காரிமங்கலம் பக்கம் அப்பா கட்டிய வீடு. பழைய தட்டோடு வெடித்திருந்தது. வேலை எடுத்த ஒப்பந்தக்காரர், பெயர்க்க வேண்டாம், அதன் மேலேயே கூல் டைல்ஸ் பதித்துவிடலாம் என்றார். அந்தச் சமயம் நானும் சரி என்றேன். முதல் கோடை நன்றாக இருந்தது. இரண்டாவது வருடம் அம்மா படுக்கும் அறையின் உள்கூரையில் பெயின்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூத்தது, ராத்திரிச் சூடும் பழையபடி திரும்பியது. பெயர்த்துப் பார்த்தபோது மாசி மாதம், மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜல்லியைக் கையில் எடுத்துப் பிசைந்தால் விரலில் ஈரம் ஒட்டியது. பழைய ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடி போட்டிருந்தோம். இரண்டு அடுக்கையும் உடைத்து அள்ளி, கான்கிரீட்டைக் காயவிட்டு, முதலிலிருந்து போட்டோம். அந்த இரண்டு வருடம் அம்மா பட்ட அவதி இன்னும் மனதில் இருக்கிறது, அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உடைக்காமல் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும், செலவே இல்லை. மழை விட்டுப் பத்து நாளாவது ஆன பிறகு, 2 அடிக்கு 2 அடி கண்ணாடி பிளாஸ்டிக் தாளை ஓட்டின் மேல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி அடையுங்கள். மறுநாள் காலை தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் கீழே ஈரம் இருக்கிறது. நாலைந்து இடத்தில் செய்யுங்கள், குறிப்பாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

உள்ளே இருந்து பார்த்தால், உள்கூரையில் பழுப்பு வட்டம், உப்புப் பூத்த வெள்ளைப் பொடி, கம்பி போகும் வரிசையில் நேர்கோடாக வெடிப்பு. கடைசியில் சொன்னது இருந்தால் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று பொருள். அப்போது வெப்பத் தடுப்புக்கு முன்னால் பொறியாளரிடம் தளத்தைக் காட்டுங்கள்.

வெப்பத்தை அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி வாங்கலாமா?

வாங்கலாம், பயனுள்ளதுதான். இரவு 8 மணிக்கு உள்கூரையையும் வெயில் படாத உள்சுவரையும் அளந்து ஒப்பிடுங்கள். கூரை 4, 5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் மேலே இருந்து வெப்பம் இறங்குகிறது. ஒரே கூரையில் ஒரு மூலை மட்டும் சூடு என்றால் அந்த மூலைக்கு மேல் ஓடு போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் வெள்ளித்தாளில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும். அங்கே ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

வெள்ளைக் கூல் பெயின்ட் அடித்து மூன்று வருடம் ஆகிறது. மறுபடி அடிக்க வேண்டுமா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் பூச்சு கரையத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துளி உருண்டு நின்றால் நல்லது, உடனே உறிஞ்சிக்கொண்டால் முடிந்தது. பொதுவாக 3 முதல் 5 வருடம் தாங்கும், சுண்ணாம்பு மட்டும் அடித்தால் ஒரு மழைக்காலம்தான்.

ஆனால் சில சமயம் பெயின்ட் நன்றாகவே இருக்கும், அழுக்குதான் மூடியிருக்கும். வெள்ளைப் பூச்சு வேலை செய்வது வெயிலைத் திருப்பி அனுப்பித்தான், வெண்மை போனால் வேலையும் போச்சு. பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றி கிரானைட் குவாரி, கல் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்து வீடுகளில் ஆறே மாதத்தில் மாடி சாம்பல் நிறமாகிவிடுகிறது. அங்கெல்லாம் முதலில் தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போட்டுக் கழுவிப் பாருங்கள். மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தெர்மோகோல் வைத்திருக்கிறோம். அது கெடுமா?

காய்ந்திருக்கும் வரை நீண்ட நாள் இருக்கும். தரையில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் விழுகின்றனவா என்று பெருக்கும்போது கவனியுங்கள். எலியோ எறும்போ குடைகிறது. அங்கே மின் ஒயரையும் எலி கடித்திருக்கலாம், தெர்மோகோல் தீப்பிடிக்கும் பொருள். கருகிய வாசனையோ விளக்கைச் சுற்றி மஞ்சளோ தெரிந்தால் அன்றே மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சீலிங் நடுவில் தொங்கினால் மேலே ஈரம் இருக்கும்.

தெர்மோகோல் சுமார் 80 டிகிரிக்கு இளகத் தொடங்கிவிடும். தகர ஷீட்டோடு ஒட்டி வைத்தால் வருடா வருடம் சுருங்கி இடைவெளி விடும். ஷீட்டுக்கும் அதற்கும் நடுவே காற்றுக்கு இடம் வேண்டும்.

ஷீட் வீட்டில் எதைப் பார்ப்பது?

தகர ஷீட்டின் அடியில் ஒட்டிய வெள்ளித்தாள் தூசி படிந்து மங்கியிருந்தால் துடையுங்கள். கிழிந்து தொங்கினால் மாற்றுங்கள். தாளின் பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் ஒரு அங்குலமாவது காலி இடம் இல்லாவிட்டால் அந்தத் தாள் ஒன்றும் செய்யாது. கிளாஸ் வூல் கீழே சரிந்து, ஷீட்டின் மேல் பாதி வெறுமையாக இருப்பதும் சகஜம். அதைத் தொடும்போது முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு எடுக்கும்.

பழைய சிமென்ட் ஷீட் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுதாக, பெயின்ட் அடித்து இருக்கும் ஷீட்டால் உடனடி ஆபத்து குறைவு. ஓரம் பிசிறாகி, தொட்டால் பொடி வரும் நிலைக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், உலர்ந்த ஷீட்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணி போல்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். வாயில் துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசமும் ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்குப் போதாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகைக்குக் குறைவாக எதுவும் வேண்டாம். உடைத்து மாட்டுக் கொட்டகைப் பாதைக்குப் போடுவதைப் பார்க்கும்போது மனது பதறுகிறது, குழந்தைகள் அதன் மேல்தான் விளையாடுகிறார்கள்.

ஓசூர், தளி பக்கம் இருக்கிறோம். மார்கழியில் ஷீட்டில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒழுகுகிறதா?

மழை இல்லாத நாளில், விடியற்காலையில் மட்டும் சொட்டினால் ஒழுகல் இல்லை, அது பனிநீர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உங்கள் ராத்திரி நன்றாகக் குளிரும். தெளிந்த வானத்துக்குக் கீழே தகரம் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். உள்ளே சமையல் ஆவியும் மூச்சுக் காற்றும் அதில் பட்டுத் துளியாகிறது. இதற்குத் தார் பூசிப் பயன் இல்லை. அடித் தடுப்பு கிழிந்திருக்கும், இல்லை காற்று போக வழி இருக்காது.

எங்களுடையது கற்பலகைக் கூரை. அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கவனமாக. நம் பக்கத்துக் கருங்கல் கான்கிரீட்டைவிட அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்த வீடுகள் குளிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் பலகைக்கு மேல் போட்ட மண்ணும் சுண்ணாம்பும். வருடா வருடம் மழையில் அது கரைந்து மெலிந்திருக்கும். பலகை இடுக்கிலிருந்து மண் பொடிப்பொடியாக உதிர்ந்தால், எறும்பு மண் தள்ளினால் மேலே சரியில்லை. தயவுசெய்து அதன் மேல் சிமென்ட் தளம் போடாதீர்கள். பலகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், சிமென்ட் விறைப்பானது, ஒரு கோடையில் வெடிக்கும். சுண்ணாம்புக் கலவைதான் அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும்.

மின் கட்டணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

ஏசி இருக்கும் வீட்டில் ஓரளவு முடியும். ரூபாயைப் பார்க்காதீர்கள், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரல், மே அடங்கும் இரண்டு மாத யூனிட்டை மூன்று வருடத்துக்கு எடுத்து வரிசையாக எழுதுங்கள். ஆளும் சாதனமும் கூடாமல் யூனிட் மட்டும் ஏறினால் கூரையைச் சந்தேகப்படலாம். முதலில் ஏசியைச் சர்வீஸ் செய்துவிட்டுப் பார்ப்பது நியாயம்.

சோலார் பேனல் வைத்த பிறகு ஒரு பக்கம் ஈரம் தெரிகிறது.

பேனல் நிழல் தருவதால் அதன் அடியில் சூடு குறைய வேண்டும். ஈரம் வருகிறது என்றால் பேனலைத் தாங்கும் கால்களுக்காகத் தட்டோட்டைத் துளைத்து போல்டு அடித்திருப்பார்கள். 2024இல் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு இந்தப் புகார் எனக்கு நிறைய வருகிறது. இனிமேல் வைப்பவர்கள் ஓட்டின் மேல் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தச் சொல்லுங்கள், காற்றுக்குத் தாங்கும் எடையைப் பொறியாளர் சொல்லட்டும். ஏற்கெனவே துளைத்துவிட்டார்கள் என்றால் ஒவ்வொரு காலைச் சுற்றியும் அடைக்க வேண்டும், அதற்கு முன் பிளாஸ்டிக் தாள் சோதனை.

பழையதன் மேலேயே புதிது போடலாமா, உடைத்துத்தான் ஆக வேண்டுமா?

ஈரம் இல்லை, ஓடு பெரும்பாலும் கணீரென்கிறது, வாட்டம் சரியாக இருக்கிறது என்றால் உடைக்க வேண்டாம். இடுக்கு அடைத்து வெள்ளைப் பூச்சு போதும். உள்ளே ஈரம் இருந்தாலோ வாட்டம் தவறியிருந்தாலோ உடைக்கத்தான் வேண்டும்.

எடையையும் நினையுங்கள். 3 அங்குலச் சுருக்கி ஒரு சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 1000 சதுர அடி வீட்டுக்கு 13 டன். பழையதை வைத்துக்கொண்டு அதே அளவு இன்னொன்று ஏற்றினால் அத்தனையும் உங்கள் தளம்தான் சுமக்கும். உடைத்த ஜல்லியையும் மாடியின் ஒரு மூலையில் குவிக்கக் கூடாது, அன்றன்றைக்கு இறக்க வேண்டும்.

எந்த மாதம் செய்வது?

தை பிறந்ததும் தொடங்கி பங்குனிக்குள் முடியுங்கள். உடைத்த பிறகு தளம் காய நாள் வேண்டும், சுண்ணாம்பும் நிதானமாக இறுக வேண்டும். சுருக்கியைக் கொட்டிவிட்டுப் போகாமல் சில நாள் மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும், அந்த அடியில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. முன்பெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்து அடிப்பார்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் போட்டால் காயும் வேகத்தில் வெடித்துவிடும்.

வாடகை வீடு. நாங்கள் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்காரரை ஒரு ராத்திரி 9 மணிக்கு உள்ளே அழைத்து உட்கார வையுங்கள், பேச்சு சுலபமாகிவிடும். அதுவரை மாடியில் நிழல்வலை கட்டலாம், ஓட்டிலிருந்து 3 அடி உயரத்தில் இருந்தால் காற்றும் போகும். நனைத்த சாக்கைத் தினமும் விரிப்பது, வெடித்த ஓட்டின் மேல் மாலையில் தண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். அன்றைக்குக் குளிரும், தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

மேஸ்திரியிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

சுருக்கி எத்தனை அங்குலம், எத்தனை நாள் அடிப்பார்கள், எத்தனை நாள் தண்ணீர் காட்டுவார்கள், கைப்பிடிச் சுவர் மூலையில் கலவையை வளைத்து ஏற்றுவார்களா என்று வேலைக்கு முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம் என்று எழுதுங்கள். முடிந்ததும் அவரையும் வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் எங்கும் நிற்காமல் குழாய் வாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.